பாதி உத்தரம்

தான் பிறந்த வீட்டை வாங்குவதற்கு முன்னால், அது எப்படிப்பட்ட வீடு என்பதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுபத்திரண்டு வயது வக்கார் அகமதுவுக்கு வங்கி அறிவுரை சொன்னது.

முழு வீட்டையும் அவர் வாங்கவில்லை, பாதியைத்தான். கிழக்குப் பாதி அவருடையது. மேற்குப் பாதி தம்பி ஹபீபுடையது. தகப்பனார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் பத்திரத்தில் பிரித்துக்கொண்டார்கள். தரையில் பிரிக்கவில்லை. ஆம்பூரில் அந்தத் தெருவில் எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் கூடத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் ஒரே நிகழ்ச்சியைத் தனித்தனி டி.வி.யில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வக்கார் அகமது வீட்டில் மட்டும் சுவர் இல்லை. பெண் கேட்டு வருகிறவர்களும் ஒரு காலத்தில் தோல் விலை பேச வந்தவர்களும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடும் தேக்கு உத்தரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

"பர்மா தேக்கு. எங்க தாதா ரங்கூன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தாரு" என்று தன் தாத்தாவைப் பற்றி அவர் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

குடும்பத்தின் தோல் ஷாப்பை, தோல் பதனிடும் அந்த ஆலையை, மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பெயரை மட்டும் அவர் மூடவில்லை. காலையில் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவோடு தெருவில் இறங்கினால், பூட்டிய ஷாப்பின் முதலாளிக்கு இன்றும் நாலு பேர் சலாம் சொல்கிறார்கள். அந்தச் சலாம்களுக்கு ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரி இந்த வீடு.

போன வருடம் ஹபீப் இறந்துபோனார். அவருடைய மகன் தபரேஸ் சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவன். பெரியப்பாவுக்கு மரியாதையாகத்தான் போன் பண்ணினான்.

"படேஅப்பா, நீங்க வாங்கிக்கறதா இருந்தா எனக்கு சந்தோஷம். பக்ரீத் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் முஸம்மில் பாய்க்கு குடுத்துடுவேன்."

முஸம்மில் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப் பெட்டி சப்ளை செய்பவர். வாங்கினால் குடோன் போடுவார். குடோன் என்றால் சுவர்.

வக்கார் அகமது அன்றைக்கே வங்கிக்குப் போனார்.

மேலாளர் எபனேசர் தன்மையானவர். நாற்காலி காட்டினார், தண்ணீர் வரவழைத்தார், பிறகு சொன்னார்: "சார், இது நூறு வருஷத்துக்கு மேல பழைய வீடு. பழைய வீடு வாங்கறவங்களுக்கு கட்டட ஆய்வும் பூச்சி ஆய்வும் கட்டாயம். உங்க நன்மைக்குத்தான்."

"நான் அந்த வீட்லதான் பொறந்தேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா அது அனுபவம். ஆய்வு வேற."

"எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த மூலையில ஓதம் ஏறும், எல்லாம் எனக்கு அத்துப்படி."

"உங்களுக்குத் தெரியறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார். ஆனா தெரிஞ்சது எங்க பேனல்ல இருக்கற கம்பெனி மூலமா தெரியணும்."

அந்தக் கம்பெனியின் பெயர் 'கண்கண்ட இல்ல ஆய்வு நிறுவனம்'. கட்டணத்தை வீடு வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். ஆளை வங்கி தேர்ந்தெடுக்கும். 'பழைய வீடு வாங்குவோர் புரிந்துகொள்ள வேண்டியவை' என்ற வழவழப்பான கையேடு ஒன்றையும் எபனேசர் கொடுத்தார். அதன் முதல் பக்கத்தில், 'வீட்டை உணர்ச்சியோடு பார்க்காதீர்கள். அது உங்களுக்கு அந்நியம் என்று நினைத்துப் பாருங்கள்' என்று இருந்தது.

வக்கார் அகமது அதை பஸ் ஸ்டாண்டிலேயே படித்துவிட்டு நாலாக மடித்தார். ஆனால் வீடு திரும்பி உள்ளே நுழைந்ததும், தன்னையறியாமல் அந்நியன்போல ஒரு தடவை பார்த்துவிட்டார். வெளியாள் வருவான். வெளியாள் கண்ணுக்கு இங்கே என்னவெல்லாம் தெரியும்?

கரையான் தெரிந்தது.

ஹபீபின் அறைக் கதவு நிலையில் கீழிருந்து மேலாக ஒரு மண் கோடு. அலமாரிக்குப் பின்னால் இன்னொன்று, கிளை பிரிந்து, ஆற்று வரைபடம்போல. இவரே பல காலமாகப் பார்த்துவந்ததுதான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததால் அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. இப்போது ஒருவன் வந்து பார்த்து, எழுதி, முத்திரை வைத்து வங்கிக்கு அனுப்பப் போகிறான். இன்னார் வீட்டில் செல்லரித்துவிட்டது என்று வேலூர் வரைக்கும் போகும்.

மறுநாள் காலையில் அவர் ஜிப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, மேற்குப் பாதியின் மண் கோடுகளைத் தகட்டால் சுரண்டினார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து, சுரண்டிய இடமெல்லாம் பூசினார்.

அவர் மனைவி அக்தரி பேகம் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏங்க, வாங்கறது நீங்கதானே?"

"ஆமா."

"விக்கறவன் சுண்ணாம்பு அடிச்சு மறைப்பான், பாத்திருக்கேன். வாங்கறவன் அடிச்சு இப்பத்தான் பாக்கறேன். பூச்சி இருக்குன்னு வந்தா தபரேஸ் விலையைக் கம்மி பண்ணுவான் இல்ல? முஸம்மில் பாயும் வேணான்னு ஓடிருவாரு."

"விலை கம்மியாகும். கூடவே இஜ்ஜத்தும் கம்மியாகும். குடும்ப மானம்."

"கரையான் இன்னா, ஓடிப்போன பொண்ணா? இப்படி மறைக்கறீங்க?"

"இஜ்ஜத்துன்னா உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாம இன்னா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே தூசி தட்டிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

தன் கிழக்குப் பாதியில், நடுத்தூணின் முதுகில் இருந்த மண் கோட்டை வக்கார் அகமது தொடவில்லை. அது விற்பனைக்கு வரவில்லை, ஆகவே எவனும் பார்க்கப்போவதில்லை. உத்தரத்தையும் அவர் தட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தால் கிளாஸில் மெல்லிய பொடி ஒன்று விழுந்து மிதக்கும். அக்தரி பேகம் விரல் நுனியால் அதை எடுத்துப் போடுவாள். இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. தாதாவின் உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பது தாதாவையே தட்டிப் பார்ப்பது மாதிரி.

ஆய்வாளர்கள் இருவர் வந்தார்கள். கட்டடத்துக்கு இளம்பரிதி, பூச்சிக்கு மோகனா. இரண்டு பேரும் தலையில் மஞ்சள் ஹெல்மெட் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். சட்டையின் முதுகில் 'பார்ப்போம், சொல்வோம்' என்று அச்சடித்திருந்தது.

இளம்பரிதி பத்திர நகலைப் பிரித்து, தரையை அளந்து, கூடத்தின் நடுவே வாசலிலிருந்து பின்கட்டு வரைக்கும் மஞ்சள் டேப் ஒட்டினான். மூன்று தலைமுறையாக எவரும் போடாத கோட்டை அவன் ஐந்து நிமிடத்தில் போட்டு முடித்தான்.

"நீங்கதான் வாங்குபவரா சார்?"

"ஆமா."

"எல்லைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் யாரு?"

"நான்தான்."

இளம்பரிதி எழுதிக்கொண்டான். "வாங்குபவர் ஆய்வு நடக்கறப்ப கூட இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கக் கூடாது சார். கருத்து சொல்லி ஆய்வைக் கெடுத்துடுவாங்க."

"அப்ப நான் இன்னா பண்ணணும்?"

"நீங்க இருங்க. அவர் போகட்டும்."

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. டேப்புக்கு மேற்கே நின்றால் அவர் வாங்குபவர், பேசலாம். கிழக்கே போனால் பக்கத்து வீட்டுக்காரர், வாயைத் திறக்கக் கூடாது. அக்தரி பேகம் டீ கொண்டுவந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. வாங்குபவர் கையால் எதையும் சாப்பிடக் கூடாது, அது லஞ்சம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தால் தடை இல்லை, அது பண்பாடு. எனவே வக்கார் அகமது தட்டை வாங்கிக்கொண்டு டேப்பைத் தாண்டி கிழக்கே போய், திரும்பி நின்று, ஒரு வார்த்தை பேசாமல் எல்லைக்கு மேலாக டீயை நீட்டினார். அவர்கள் நன்றி சொல்லிக் குடித்தார்கள்.

பிறகு ஆய்வு தொடங்கியது.

ஹபீபின் அறைக் கதவு சாத்தியிருந்தது. இளம்பரிதி அதை மரியாதையாகப் பார்த்தான். "மூடியிருக்கு. 'அணுக இயலவில்லை'ன்னு எழுதிக்கம்மா."

"தாழ்ப்பாள் போடல. தள்ளினா திறக்கும்" என்று வக்கார் அகமது கதவைத் திறந்தார்.

"அய்யோ சார், நீங்க திறந்தா அது உங்க ஆய்வா ஆயிடும். சாத்திடுங்க."

அலமாரியை நகர்த்தக் கூடாது என்பது விதி. பாயைத் தூக்கக் கூடாது. பரணைத் திறக்கக் கூடாது. தரையில் குனியலாம், ஆனால் முட்டி தரையில் படக் கூடாது. சுவரைத் தட்டக் கூடாதா என்று வக்கார் அகமது கேட்டார்.

"தட்டினா அது சேதம் விளைவிக்கும் ஆய்வு சார். அதுக்கு தனி கம்பெனி. அதுவும் எங்க எம்.டி.யோடதுதான்."

மோகனா கதவு நிலையருகே நின்று மூக்கை உறிஞ்சினாள். "சார், புதுசா சுண்ணாம்பு வாசனை வருது. மண்ணெண்ணெயும்."

வக்கார் அகமது நகக்கண்ணில் சுண்ணாம்பு ஒட்டியிருந்த கையை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வாசனை நம்ம பார்வையில வராது" என்றான் இளம்பரிதி. "கண்ணுக்கு இன்னா தெரியுது?"

"வெள்ளையா இருக்கு."

"அதை எழுது."

வக்கார் அகமது கையை வெளியே எடுத்தார். அதே நேரத்தில் ஏனோ அவருக்கு அவமானமாகவும் இருந்தது. தான் இவ்வளவு பாடுபட்டுச் சுரண்டியிருக்க வேண்டியதில்லையோ என்று தோன்றியது.

உத்தரத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். "பர்மா தேக்கு" என்று அவர் ஆரம்பித்தார். அவர்கள் காதில் வாங்கவில்லை.

"உசரமா இருக்கு. வேன்ல ஏணி இருக்கு சார். ஆனா ஏணி ஏற சர்டிபிகேட் வெச்சிருக்கறவர் இன்னிக்கு வாணியம்பாடில இருக்காரு." கீழே நின்றபடியே இளம்பரிதி படம் எடுத்தான். டேப்புக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்திவிட்டான்.

"மீதி உத்தரம்?"

"அது உங்களோடது சார். உங்களோடதை நீங்க வாங்கலையே."

அப்போது மோகனாவின் டார்ச் வெளிச்சம் தவறிப்போய் எல்லை தாண்டி நடுத்தூணின் முதுகில் விழுந்தது. "சார்! அங்க கரையான்!"

இளம்பரிதி டேப்பின் விளிம்பில் ஷூ நுனியை வைத்து எட்டிப் பார்த்தான். "எல்லைக்கு அந்தப் பக்கம். 'பக்கத்துச் சொத்தில் கடுமையான கரையான், அபாயம்'னு எழுதிக்க."

"தூண்ல ஏறி உத்தரத்துக்குள்ள போகுது சார். உத்தரம் இந்தப் பக்கம் வருதே."

"உள்ள போனது உனக்கு தெரியுதா?"

"தெரியல சார். உள்ள போய்ட்டதால."

"தெரியாததை எழுதக் கூடாது. பயிற்சியில சொன்னாங்களா இல்லையா?"

மோகனா எழுதவில்லை. ஆனால் வேனில் ஏறுகிறவரைக்கும் உத்தரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அறிக்கை தலையணை மாதிரி வந்தது. பாதிக்கு மேல், எதற்கெல்லாம் நிறுவனம் பொறுப்பில்லை என்ற விவரம். நடுவில் படங்கள். மூடிய கதவின் படம், நகர்த்தாத அலமாரியின் படம். ஒன்றில் வக்கார் அகமதுவின் தோளும் பாதித் தாடியும் தெரிந்தன. அதன் கீழே 'பார்வைக்குத் தடை' என்று போட்டிருந்தது. கடைசியில் முடிவு: 'மேற்குப் பாதியில் பார்க்கப்பட்ட இடங்களில் கரையான் இல்லை. பார்க்கப்படாத இடங்களில் கரையான் பார்க்கப்படவில்லை. கட்டடம் திருப்திகரம். ஆனால் அடுத்த சொத்தில் கடுமையான கரையான் உள்ளது. அதன் உரிமையாளர் முதியவர். ஆய்வு முழுவதும் எல்லையருகே நடமாடினார். கேள்விகளுக்குப் பதில் அளிக்கவில்லை.'

எபனேசர் அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "வீடு பிரமாதம் சார். உங்க பக்கத்து வீட்டுக்காரர்தான் பிரச்சினை."

"பக்கத்து வீட்டுக்காரர் நான்தான்."

"எனக்குத் தெரியும் சார். சிஸ்டத்துக்குத் தெரியாது. அவர், தன் வீட்ல கரையான் இருக்குன்னு ஒத்துக்கிட்டு, மருந்து அடிக்கறேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா ஃபைல் நகரும்."

"எங்க குடும்பத்துல இதுவரைக்கும் எவனும் அப்படி எழுதிக் குடுத்ததில்ல."

எபனேசர் அனுதாபத்தோடு முன்னால் சாய்ந்தார். "அவர்கிட்ட நீங்க பேசிப் பாருங்க சார். பெரிய மனுஷரு. தன்மையா எடுத்துச் சொன்னா கேப்பாரு."

வக்கார் அகமது வீட்டுக்குப் போய் அவரிடம் பேசிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

பக்ரீத் நெருங்கியது. தெருவில் ஆடுகள் வந்து இறங்கின. தபரேஸ் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். ஒரு நாள் காலையில் அவர் அறிக்கையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது அறிக்கையை எடுத்து மறுபடி படித்தார். 'நடமாடினார்' என்ற சொல் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தன் வீட்டில் தான் நடந்ததை ஒருவன் திருடன் நடமாடின மாதிரி எழுதியிருக்கிறான்.

ஆய்வு நிறுவனத்தின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. இளம்பரிதியின் மேசைக்கு நேர் மேலே கூரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதற்குக் கீழே பிளாஸ்டிக் வாளி.

"இது இன்னா?" என்று வக்கார் அகமது மேலே காட்டினார்.

"எங்க ஆபீசை நாங்க ஆய்வு பண்ண முடியாது சார். சொந்த நலன் கலந்துடும்" என்று இளம்பரிதி வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"நீ வந்த, பாத்த. கதவைத் திறக்கல, பொருளை நகத்தல, ஏணில ஏறல. அப்புறம் இன்னாத்தப்பா பாத்த?"

இளம்பரிதி கோபப்படவில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நாற்காலியில் நிமிர்ந்தான்.

"சார், எங்க வேலை உண்மையைக் கண்டுபிடிக்கறதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. உண்மை ரொம்ப உள்ள இருக்கும் சார். அதைத் தோண்டிக்கிட்டே போனா இந்த மாவட்டத்துல ஒரு பழைய வீடு விக்காது. வீடு விக்கலைன்னா லோன் இல்ல. லோன் இல்லைன்னா பேங்க் எங்களை எதுக்குக் கூப்பிடும்? நாங்க விக்கறது நிம்மதி சார். விக்கறவருக்கு ஒரு நிம்மதி. பேங்குக்கு ஒரு நிம்மதி."

"வாங்கறவனுக்கு?"

"அவருக்கு ரிப்போர்ட்."

"நாளைக்கே அந்த வீடு இடிஞ்சு விழுந்தா?"

"நாங்க பாத்தது நின்னுக்கிட்டிருந்த வீடு சார். விழுந்தா அது விழுந்த வீடு. ரெண்டுக்கும் ஒரே ரிப்போர்ட் எப்படி செல்லும்?"

"எங்க தோல் வியாபாரத்துல, ஒரு தோலை வாங்கறவன் முதல்ல அதைப் புரட்டிப் போட்டு உள்பக்கத்தைப் பாப்பான். மேல்பக்கம் யார் வேணும்னாலும் பளபளன்னு ஆக்கலாம்."

"அதனாலதான் சார் பாதி ஷாப்பு மூடிக் கெடக்குது" என்றான் இளம்பரிதி அன்பாக.

வக்கார் அகமது எழுந்து நின்றார். அந்த ஒரு கணத்தில் அவர் சொல்லியிருக்கலாம். 'உன் மேற்குப் பாதியிலும் கரையான் இருக்கிறது, நான்தான் சுரண்டிப் பூசினேன், எழுது' என்று. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே மோகனா கோப்புகளிலிருந்து தலையைத் தூக்கி, அந்த வார்த்தைக்காகவே காத்திருப்பவள்போல அவரைப் பார்த்தாள். அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

பெருநாளுக்கு முந்தின வாரம் அவர் கையெழுத்துப் போட்டார். வங்கி கொடுத்த தாளில், 'எனது வீட்டில் கரையான் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே, 'வக்கார் அகமது, பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதினார். எபனேசர் தாளை வாங்கி ஊதி மை உலர்த்தினார். மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.

மேலிடத்திலிருந்து உடனே பதில் வந்தது. கடன் மறுக்கப்பட்டது.

"இன்னா சார் இது? நீங்க கேட்ட கையெழுத்தைத்தானே போட்டேன்?"

"அதேதான் சார்" என்றார் எபனேசர். அவருக்கும் நிஜமாகவே வருத்தம். "இதுவரைக்கும் கரையான் ஒரு சந்தேகமா இருந்துச்சு. இப்ப உரிமையாளரே ஒத்துக்கிட்டாரு. அப்படிப்பட்ட ஆளுக்குப் பக்கத்துல எப்படி சார் வீடு வாங்க லோன் குடுக்கறது?"

அன்று மாலை தபரேஸின் போன் வந்தது.

"படேஅப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. பேங்க்லேர்ந்து ரிப்போர்ட்டு, லெட்டர் எல்லாம் எனக்கும் ஒரு காப்பி வந்துச்சு. நம்ம பாதி சுத்தம்னு போட்டிருக்கான். முஸம்மில் பாய்கிட்ட காமிச்சேன், அவரு கேட்ட விலைக்கு மேலயே ஒத்துக்கிட்டாரு."

"சுவர் வெப்பாரா?"

"வெக்காம இருந்திருப்பாரோ இன்னமோ. ஷெல்ஃப் மட்டும் போதும்னுதான் முதல்ல சொன்னாரு. ஆனா அந்தப் பக்கம் கரையான்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே படேஅப்பா. அட்டைப் பெட்டி சமாச்சாரம். சுவர் கண்டிப்பா வேணுங்கறாரு."

அக்தரி பேகம் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நேரா முஸம்மில் பாய் கடைக்குப் போங்க. அந்தப் பக்கமும் கரையான் இருக்கு, நான்தான் பூசி மறைச்சேன்னு சொல்லிடுங்க. அவரு பாட்டுக்கு ஓடிடுவாரு. வீடு வீடாவே இருக்கும்."

அவர் போனார். உண்மையாகவே சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனார். வழி நெடுக வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

முஸம்மில் எழுந்து நின்று சலாம் சொல்லி, மடிக்காத அட்டைகளைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். ஏலக்காய் டீ வந்தது. கடையில் வேலை செய்கிறவர்கள், வாங்க வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் கேட்கும்படி முஸம்மில் சொன்னார்:

"சாப், ரிப்போர்ட்டு கெடக்கட்டும். பேப்பரை நான் நம்பறதில்ல. ஷாப்பு முதலாளி குடும்பம். நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. வீடு எப்படி? நீங்க நல்லா இல்லைன்னு சொன்னா, இப்பவே தபரேஸுக்கு போன் போட்டு வேணான்னு சொல்லிடறேன்."

கடை முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

வக்கார் அகமது டீ கிளாஸைக் கீழே வைத்தார். முதுகு தானாகவே நிமிர்ந்தது.

"எங்க தாதா கட்டின வீடு" என்றார். "பர்மா தேக்கு."

"இது போதும் சாப்" என்று முஸம்மில் நெஞ்சில் கை வைத்தார்.

பெருநாள் முடிந்து வேலை ஆரம்பமானது. தகரக் கூரை போட்டு லாரி நுழைகிற மாதிரி ஷட்டர் வைக்க வேண்டும் என்பதால் மேற்குப் பாதியின் மேல்தளத்தை முதலில் பிரித்தார்கள். இளம்பரிதியின் மஞ்சள் டேப்பை எவரும் உரித்திருக்கவில்லை. அதன்மேலேயே கொத்தனார் செங்கல் அடுக்கினார். சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்த அன்றைக்கு உத்தரத்தை அறுத்தார்கள்.

ரம்பம் மரத்தில் இறங்குகிற சத்தமே கேட்கவில்லை. வைத்ததும் உள்ளே போய்விட்டது. மேற்குப் பாதி உத்தரம் கயிற்றில் தொங்கித் தரைக்கு வந்தபோது, நாலு பேர் தூக்க நினைத்ததை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். வெட்டுவாயிலிருந்து மண்ணும் பொடியும், நெல் மூட்டை அவிழ்ந்த மாதிரி, கூடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குத் தேக்குத் தோல். உள்ளே ஒன்றுமில்லை.

முஸம்மிலின் குடோன் கடனுக்காக அன்று இளம்பரிதியும் மோகனாவும் வந்திருந்தார்கள். வக்கார் அகமது அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"தம்பி. இப்ப தெரியுதா? இப்ப எழுது."

இளம்பரிதி கீழே கிடந்த கூட்டைப் பார்த்தான். பிறகு மேலே, வெறும் வானத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"மேற்குப் பாதியில இப்ப உத்தரமே இல்லியே சார். இல்லாத உத்தரத்துல எப்படி குறை எழுதறது? 'உத்தரம்: பொருந்தாது'. மோகனா, எழுதிக்க."

மோகனா இந்தத் தடவை எழுதினாள். உத்தரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையாட்கள் சாப்பாட்டுக்குப் போனதும் வக்கார் அகமது விளக்குமாறு எடுத்தார். தன் பக்கம் கொட்டியிருந்த பொடியைக் கூட்டி வாசல் வழியாகத் தெருவோரம் தள்ளினார். கிழக்குப் பாதியில் மீந்திருந்த உத்தரம் நடுத்தூணின் மேல் மொட்டையாக நின்றது. வெட்டுவாய் மேற்கே பார்த்துத் திறந்திருந்தது. தெரு வாசலில் நின்று பார்த்தால்கூட அதன் வயிற்றுக்குள் இருட்டு தெரிந்தது.

தோல் ஷாப்பிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்த எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தினார். "இன்னா சாப், இவ்ளோ தூளு?"

வக்கார் அகமது விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மரத்தூள்தான். பர்மா தேக்கு இல்ல? நல்ல மரத்தை அறுத்தா இப்படித்தான் தூள் வரும்."

எதிர்வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்தரி பேகம் உள்ளே போய், மிச்சமிருந்த சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் கரைத்து, வாளியையும் ஸ்டூலையும் கொண்டுவந்து உத்தரத்தின் வெட்டுவாய்க்குக் கீழே வைத்தாள்.